ப்ளூபெர்ரியும் சாப்பிடலாம், ராத்திரி மாத்திரையும் போட வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 64. சொந்த ஊர் திருச்சி. பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் கணவரும் ஏப்ரலில் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தோம். எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும். மருமகள் தினமும் காலையில் ஓட்ஸ் கஞ்சியில் ஒரு கப் ப்ளூபெர்ரி போட்டுத் தருகிறாள். சர்க்கரை, கண், ஞாபகசக்தி எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வந்தபோது வெறும் வயிற்றில் 152 இருந்தது, இப்போது 118. என் கணவருக்கு இதய வால்வு மாற்றி ஏழு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவர் இந்தப் பழத்தைச் சாப்பிடலாமா? பத்து மாதப் பேரனுக்கும் கொடுக்கிறோம். போன வாரம் அவன் டயப்பரைப் பிரித்தால் கறுப்பாக இருந்தது, பதறிப்போய்விட்டேன். ஊருக்குத் திரும்பியபின் இதை விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா? சொல்ல மறந்துவிட்டேன், சர்க்கரை இறங்கிவிட்டதால் மூன்று வாரமாக இரவு மாத்திரையை விட்டுவிட்டேன்.

பதில்: அம்மா, கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அதை முடித்துவிட்டுப் பழத்துக்கு வருகிறேன்.

நாம் தூங்கும்போது எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் கல்லீரல் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது தேவைக்கு மேல் வந்து சேரும். அதை அடக்கிவைப்பதுதான் மெட்ஃபார்மினின் முக்கியமான வேலை. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்க்கிறீர்களே, அந்த எண்ணுக்கும் இந்த ராத்திரி வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 118 என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதியில் எடுத்தது? மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பா, பின்பா? அது தெரியாமல் பழத்துக்குப் பாராட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் உணவியல் ஆலோசகர். மருந்தின் அளவை மாற்றுவது என் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை. உங்கள் திருச்சி டாக்டரைப் போனில் பிடித்து, மூன்று வாரமாக விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் குறைக்கச் சொன்னால் தாராளமாகக் குறைக்கலாம். அதுவரை அவர் எழுதிக்கொடுத்த சீட்டுதான் கணக்கு.

இன்னொரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்குகிற பெற்றோர் பலர், கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிடுமோ, அங்கே டாக்டரைப் பார்த்தால் மகனுக்குச் செலவாகுமோ என்று மாத்திரையை இழுத்து இழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் ஒரு மாதம் தள்ளிப்போனால் ராத்திரி மாத்திரை சத்தமில்லாமல் காணாமல் போகும். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மகனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் அங்கேயும் விலை குறைந்த மாத்திரைதான், சீட்டு மட்டும் வேண்டும்.

சரி, 152 எப்படி 118 ஆனது? நீங்கள் எழுதாததை நான் ஊகிக்கிறேன். காலையும் மாலையும் பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடக்கிறீர்கள். திருச்சியில் ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்ட ராத்திரிச் சாப்பாடு அங்கே ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. காலையில் நான்கு இட்லி இருந்த இடத்தில் இப்போது ஓட்ஸ். பக்கத்து வீட்டுக் காபி இல்லை, கல்யாண வீட்டுச் சாப்பாடு இல்லை. இத்தனையும் சேர்ந்து செய்த வேலையில் ப்ளூபெர்ரிக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கலாம். முழுப் பெயரையும் அது தட்டிக்கொண்டு போக விடக்கூடாது.

இனி பழம். சமையலறையில் இருக்கும் அளவுக் கோப்பையில் ஒரு கப் எடுத்தால் சுமார் 148 கிராம் நிற்கும். அதில் 84 கலோரி, 21 கிராம் மாவுச்சத்து. அந்த 21-இல் 15 கிராம் சர்க்கரை. நார்ச்சத்து மூன்றரை கிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27 கிராம் மாவுச்சத்து என்பதோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை. சாப்பிட்டது எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடும் 53 அளவில், குறைந்த வரிசையில்தான் வருகிறது. ஆனால் "சர்க்கரையே இல்லாத பழம்" என்று நினைத்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் கதை வேறு. அங்கே விற்கிற பைண்ட் டப்பா இரண்டு கப் பிடிக்கும். கொறித்துக்கொண்டே இருந்தால் 40 கிராம் மாவுச்சத்து உள்ளே போயிருக்கும், கைக்கே தெரியாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வேளைப் பழம் என்று நாங்கள் கணக்குப் போடுவது 15 கிராம் மாவுச்சத்து. ப்ளூபெர்ரியில் அது முக்கால் கப். நீங்கள் ஓட்ஸோடு சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள், ஓட்ஸும் மாவுச்சத்துதான். ஆகவே அரைக் கப் போதும். கூட நாலைந்து வால்நட்டோ பாதாமோ போட்டுக்கொள்ளுங்கள், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்று அவித்து வைத்துக்கொள்ளுங்கள், பசி தாங்கும். அந்த ஓட்ஸ் எந்த ஓட்ஸ் என்றும் ஒருமுறை பாருங்கள். வெந்நீர் ஊற்றினால் ரெடி என்று சின்னச் சின்னப் பாக்கெட்டில் மேப்பிள், பிரவுன் சுகர் வாசனையோடு வருவதில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும்.

இந்தப் பழத்துக்கு இவ்வளவு பேர் வந்தது வைட்டமினால் இல்லை. 100 கிராமில் வைட்டமின் சி 10 மில்லிகிராம்கூட இல்லை, நம்ம ஊர்க் கொய்யாவில் 200-க்கு மேல். ப்ளூபெர்ரியின் சரக்கு முழுக்கத் தோலில் இருக்கிறது. ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறிய பச்சையாக இருக்கும். நீலமெல்லாம் தோலோடு சரி. அந்த நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். ரத்தக்குழாயின் உட்சுவர் இளகிக்கொடுத்து விரிய இது உதவுகிறது என்பதுதான் இதுவரை ஓரளவு உறுதியாகத் தெரிந்திருக்கும் நன்மை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்பருமனும் சர்க்கரை வரும் அறிகுறிகளும் இருந்தவர்களுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு கப் பழத்துக்குச் சமமான பொடியைக் கொடுத்தார்கள். ரத்தக்குழாய் விரியும் திறன் கூடியது. அரைக் கப் அளவு சாப்பிட்டவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத பிரச்சினையிலோ இரு சாராரிடமும் மாற்றமே இல்லை.

"அப்படியானால் அரைக் கப் போதும் என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. உங்களுக்கு உண்டு. ஒரு கப் வேண்டுமென்றால் இரண்டாகப் பிரித்து, காலையில் பாதி, நாலு மணிக்கு மீதி. அன்றைக்கு வேறு பழம் வேண்டாம்.

நேர்மாறான முடிவும் ஒன்று உண்டு. 2010-இல் இன்சுலின் சரியாக வேலை செய்யாத அதே பிரச்சினை (இன்சுலின் எதிர்ப்பு) இருந்த 32 பேருக்கு ஆறு வாரம் ப்ளூபெர்ரிப் பொடி கலந்த ஸ்மூத்தி கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் வேலை செய்வது கொஞ்சம் மேம்பட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் செய்திதான். ஆறு மாதம் நடந்ததை யாரும் அனுப்புவதில்லை. இந்த இரண்டு ஆய்வுக்குமே ப்ளூபெர்ரி விவசாயிகளின் அமெரிக்க அமைப்பு பணம் கொடுத்திருக்கிறது. அதனால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் மாமியார் சமையலை மருமகன் பாராட்டுவதைக் கேட்கிற காதோடு கேட்டுக்கொள்ளலாம்.

லட்சக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த கணக்குகளும் உண்டு. 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது அவற்றில் பெரியது. அமெரிக்க மருத்துவத் துறையினர் சுமார் 1,87,000 பேர். வாரம் மூன்று முறை ப்ளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. அதே கணக்கில் பழச்சாறு குடித்தவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடியிருந்தது. இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, இது நோய் வராதவர்களைப் பற்றியது, வந்த நோய் குணமானதைப் பற்றியது அல்ல. இரண்டு, தினமும் ப்ளூபெர்ரி வாங்கிச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் நடைப்பயிற்சியும் போகிறவராக, சிகரெட் பிடிக்காதவராக இருப்பார். அதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள் என்றாலும் முழுக்கக் கழிக்க முடியாது.

ஞாபகசக்திக்கும் அப்படி ஒரு கணக்குத்தான். 70 வயது தாண்டிய 16,000 நர்சுகளைப் பின்தொடர்ந்ததில், ப்ளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகத் தேய்மானம் இரண்டரை வருடம் வரை தள்ளிப்போனதாக 2012-இல் எழுதினார்கள். நம்பிக்கை தருகிற செய்தி, அவ்வளவுதான். கண் விஷயத்தில் அந்த நம்பிக்கையும் எனக்கில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் தின்றுவிட்டு இருட்டில் குண்டு போட்டார்கள் என்று ஒரு கதை, ப்ளூபெர்ரியின் ஐரோப்பியச் சொந்தக்காரனை வைத்துக் கட்டியது. அதற்கு ஆதாரம் கிடையாது. உங்களுக்குப் பத்து வருடச் சர்க்கரை. கண்ணுக்குச் செய்ய வேண்டியது வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண்ணில் இதுதான் முதலிடம்" என்ற பட்டியலும் உங்களுக்கு வந்திருக்கும். சோதனைக்குழாயில் எடுத்த அந்த மதிப்பெண் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இலேயே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் நடப்பது உடம்புக்குள் அப்படியே நடப்பதில்லை, கம்பெனிகள் அந்த எண்ணை வைத்து வியாபாரம் பண்ணுகின்றன என்பதுதான் காரணம். பட்டியல் மட்டும் இன்னும் சாகவில்லை.

நீங்கள் இருக்கும் நியூ ஜெர்சிதான் தோட்டத்து ப்ளூபெர்ரி பிறந்த ஊர், தெரியுமா? நூறு வருடத்துக்கு முன்புவரை இது காட்டில் பறிக்கிற பழம். நல்ல மண்ணில் நட்டால் செத்துப்போகும், புளித்த மண்தான் வேண்டும் என்று வேளாண் துறை விஞ்ஞானி ஃபிரெடரிக் கோவில் கண்டுபிடித்து 1910-இல் எழுதினார். அதைப் படித்த எலிசபெத் வைட், வைட்ஸ்பாக் என்ற ஊரில் கிரான்பெர்ரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். காட்டுக்குள் திரியும் உள்ளூர்க்காரர்களிடம் ஓட்டை போட்ட தகட்டைக் கொடுத்து, அந்த ஓட்டையில் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டினால் காசு என்றார். ஓட்டையின் அளவு முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. செடியைக் காட்டியவர் பெயரையே செடிக்கும் வைத்தார். 1916-இல் முதல் அறுவடை விற்பனைக்குப் போனது. இன்றைக்கும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க ஹாமன்டன் பக்கம் நாமே பறித்துக்கொள்கிற தோட்டங்கள் திறந்திருக்கும். பேரனோடு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள், உங்களுக்கு நடையும் ஆயிற்று.

பெரிய பழம் பார்க்க அழகு. ஆனால் சரக்கு தோலில் என்பதால் சின்னப் பழத்துக்குத்தான் என் ஓட்டு, ஒரே எடைக்குத் தோல் அதிகம் கிடைக்கும். மெயின் மாநிலத்துக் காட்டுப் பழம் உறைநிலையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. உறைந்த பழத்தில் சத்து போய்விடும் என்று மருமகளிடம் வாதாட வேண்டாம், ஆந்தோசயனின் உறைநிலையில் நன்றாகவே தங்கும். புதுப் பழம் வாங்கினால் வந்ததும் கழுவி வைக்காதீர்கள். மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கிறதே, அது மருந்து இல்லை, பழத்தின் சொந்த மெழுகு. அது இருக்கிறவரை பழம் சுருங்காது. சாப்பிடும்போது கழுவினால் போதும்.

உங்கள் கணவருக்கு வருவோம். மாத்திரை அசிட்ரோமா வார்ஃபரினா என்று எழுதவில்லை, இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒரு கப் ப்ளூபெர்ரியில் வைட்டமின் கே சுமார் 28 மைக்ரோகிராம். வெந்த ஸ்பினாச் அரைக் கப்பில் 400-க்கு மேல். ஆக, பழத்தால் பயமில்லை, ஒரு நாள் இரண்டு கப், அப்புறம் பத்து நாள் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே சீராகச் சாப்பிட்டால் சரி. நான் கவலைப்படுவது ஸ்மூத்தியைப் பற்றி. ப்ளூபெர்ரி ஸ்மூத்தி என்று பெயர் சொல்லி அதில் இரண்டு கைப்பிடி ஸ்பினாச்சோ கேல் கீரையோ போட்டு அடிப்பார்கள், நீல நிறத்தில் கீரை தெரியாது. அப்படித் திடீரென்று கீரை ஏறினால் மாத்திரையின் பிடி தளர்ந்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் இறங்கிவிடும். செயற்கை வால்வு வைத்தவருக்கு அது விளையாட்டு இல்லை. மருமகளிடம் கேட்டுவிடுங்கள். ப்ளூபெர்ரி சத்து என்று விற்கும் மாத்திரை, காப்ஸ்யூல் எதுவும் அவருக்கு வேண்டாம், கிரான்பெர்ரி ஜூஸும் வேண்டாம். ஏப்ரலுக்குப் பின் ஐஎன்ஆர் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் அதை இந்த வாரமே முடியுங்கள்.

பேரன் டயப்பர். குழந்தைக்கு ப்ளூபெர்ரித் தோல் முழுசாகச் செரிக்காது, நீலம் அப்படியே வெளியே வரும். கருநீலமாக, சில சமயம் கரும்பச்சையாக, நடுவில் தோல் துணுக்கும் தெரியும். இரண்டு நாள் நிறுத்தினால் பழைய நிறம் வந்துவிடும். குழந்தை விளையாடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டு இருந்தால் பதற வேண்டாம். ஆனால் இதே சமாதானத்தை உங்கள் கணவர் விஷயத்தில் சொல்லிக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலம் தார் போலக் கறுத்து, பசைபோல் ஒட்டி, சகிக்க முடியாத நாற்றம் அடித்தால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். "நேற்று ப்ளூபெர்ரி தின்றேன், அதுதான்" என்று ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்கு.

குழந்தைக்கு முழுப் பழம் கொடுக்காதீர்கள். உருண்டையாக, வழுக்கலாக, அவன் மூச்சுக்குழாய்க்கு அளவெடுத்தது போல இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தோல் பிளக்கும்வரை நசுக்கிக் கொடுங்கள், பெரிய பழம் என்றால் நாலாக நறுக்குங்கள். புளிக்கிறது என்று தேன் தடவாதீர்கள், ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது.

ஊருக்குத் திரும்பியபின் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் விமானத்தில் வந்து இறங்கி, ஒரு கைப்பிடி டப்பா நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கும். வசதியும் ஆசையும் இருந்தால் வாங்கலாம், மருந்து என்று வாங்க வேண்டாம். நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிற ஊதாவும் ஆந்தோசயனின்தான். ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் வரும்போது பத்துப் பதினைந்து பழம் சாப்பிடுங்கள். ப்ளூபெர்ரிக்குப் பின்தொடர்ந்து பார்த்த அளவுக்கு நாவலுக்கு யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை, ஆனால் நல்ல பழம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாவல்கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை விடுவது மட்டும் மறுபடி முதல் வரிக்கே வந்துவிடும். கம்பம் பன்னீர் திராட்சையில் சர்க்கரை கூடுதல், எண்ணித்தான் சாப்பிட வேண்டும், தோலோடு. சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புகிறவர்கள் எது சரக்கோ அதைத் துப்புகிறார்கள். கொய்யா வருடம் முழுக்கக் கிடைக்கும், உங்களுக்கு அது ரொம்பப் பொருத்தம், பாதிப் பழுத்ததாக வாங்குங்கள். (நீலகிரிச் சோலைக்காட்டு ஓரங்களில் ப்ளூபெர்ரியின் நெருங்கிய சொந்தமான ஒரு சிறுமரம் வளர்கிறது. அதன் பழம் கடைக்கு வருவதில்லை, பறவைகளுக்குத்தான்.)

கிளம்பும்போது உறவுக்காரர்களுக்குக் கொடுக்க என்று காய்ந்த ப்ளூபெர்ரிப் பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடைக்க நினைத்திருப்பீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் ப்ளூபெர்ரிக்கு அடுத்த பெயர் சர்க்கரையாக இருக்கும். அந்த எடைக்குப் பாதாம் வாங்கிப் போடுங்கள். வால்நட்டும் அங்கே நன்றாக இருக்கும்.